டம்டம் குண்டின் மெய்யும் பொய்யும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டை அடுத்த தெருவொன்றில், தமிழ்க் குடும்பம் ஒன்றின் இல்லத்தில் அண்மையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. காபி வரும் வரையில், அவ்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் கணினியில் ஆடிய விளையாட்டைப் பார்த்துக் கொண்டிருந்தோம். பனி படர்ந்த சமவெளியில் கவச வண்டிகள் ஒன்றையொன்று துரத்திச் சுடும் விளையாட்டு அது. மூத்தவன் தன் வண்டியிலுள்ள தானியங்கிப் பீரங்கிக்கு எந்தத் தோட்டாப் பட்டையை ஏற்றுவது என்று பட்டியலைப் புரட்டி ஆராய்ந்தான். இளையவனுக்குப் பொறுமை இல்லை. "அண்ணா, அந்த டம்டம் குண்டைப் போடு, பட்டதும் வெடிக்கும்" என்றான். அண்ணனும் மறுப்பின்றிப் போட்டான்.

அவ்வீட்டிலிருந்து மெட்ரோ ரெயிலில் அரைமணி நேரம் சென்றால் டம்டம் வந்துவிடும். கோடை விடுமுறையில் சென்னைக்கு அவர்கள் விமானம் ஏறுவதும் அப்பகுதியிலேதான். எனினும், தாம் சொன்ன சொல்லும் அந்த ஊரும் ஒன்றே என்பது பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. தமிழில் முரசு டமடமவென்று முழங்குவது போல, வெடியோசையைக் காட்டும் சொல் என்றே நினைத்திருந்தனர். அதைக்கூடப் பொறுக்கலாம். நம்மை உறுத்தியது வேறொன்று. டம்டம் குண்டு வெடிப்பதே இல்லை. உள்ளே மருந்து வைத்து வெடிக்கும் குண்டு ஒரு சாதி. உடலில் பட்டதும் முனை மழுங்கி விரியும் குண்டு மற்றொரு சாதி. இரண்டையும் பற்றி உலக நாடுகள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஒப்பந்தங்கள் செய்தன. இரண்டும் ஒன்றாகக் குழம்பியது அச்சிறுவன் நாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. அவனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மீசை நரைத்த பேராசிரியர்களும் தூதர்களும் அதனினும் பெரிய குழப்பத்தில் விழுந்தனர்.

இத்தகைய விளையாட்டுக்களை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. எந்த வண்டிக்கு எந்த ஆண்டில் எந்தக் குண்டு கிடைத்தது, அது எத்தனை மில்லிமீட்டர் எஃகைத் துளைத்தது என்று ஆடுவோர் கடும் வழக்காடுகின்றனர். 2021ஆம் ஆண்டில், 'வார் தண்டர்' என்னும் விளையாட்டில் பிரிட்டிஷாரின் சாலஞ்சர் 2 டாங்கி தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று மெய்ப்பிக்க, அதன் ராணுவக் கையேட்டிலிருந்து சில பக்கங்களை ஒருவர் வெளியிட்டுவிட்டார். விளையாட்டை நடத்துவோர் அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. கவசத் துளைப்பைக் கணக்கிட, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெ மார் என்பவர் வகுத்த சூத்திரமே இத்தகைய விளையாட்டுக்களில் இன்றும் கைகொடுக்கிறது. அதாவது, திரையில் பாயும் குண்டின் கணக்கும் டம்டம் குண்டும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் பிறந்தவை.

முதலில் வெடிக்கும் குண்டைப் பார்ப்போம். அன்று மூத்தவன் ஓட்டியது பி.எம்.பி-2 என்னும் ரஷ்யக் கவச வண்டி. நம் நாட்டில் 'சரத்' என்னும் பெயரில் மேடக் தொழிற்சாலையில் 1980களின் பிற்பகுதி முதல் செய்யப்பட்டதும் அவ்வகையே. அதன் 30 மில்லிமீட்டர் பீரங்கிக்கு இரு வழிகளில் தோட்டா ஊட்டப்படுகிறது: ஒரு பட்டையில் வெடிக்கும் குண்டுகள், மற்றொன்றில் கவசம் துளைக்கும் குண்டுகள். மொத்தம் 500 தோட்டாக்களில் 340 முன்னது, 160 பின்னது. சுடுவோன் விசையொன்றைத் திருப்பி வேண்டியதைத் தேர்ந்துகொள்வான். வெடிக்கும் குண்டின் எடை ஏறத்தாழ 390 கிராம். இந்த எண்ணை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

1863இல் ரஷ்யப் படை, எதிரியின் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்துவதற்கென்று வெடிக்கும் ரைபிள் குண்டு ஒன்றைக் கண்டது. நான்கு ஆண்டுகளில் அதைத் திருத்தி, மென்மையான பொருளில் பட்டாலும் வெடிக்குமாறு செய்தனர். மனித உடலைவிட மென்மையான இலக்குப் போர்க்களத்தில் ஏது? அக்குண்டைக் கண்டு ரஷ்யச் சர்க்காரே அஞ்சியது. அவர்கள் அழைப்பின்பேரில் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாடுகள் கூடி, 400 கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் குண்டுகளைத் தமக்குள் நிகழும் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1868 டிசம்பர் 11ஆம் நாள் உறுதி செய்துகொண்டன. அந்நாளில் பீரங்கிக் குண்டுகளில் மிகச் சிறியதே அவ்வெடைக்கு மேற்பட்டது. ஆகவே தனிமனிதன் மேல் எய்யப்படும் குண்டு வெடிக்கக் கூடாது, பீரங்கிக் குண்டு வெடிக்கலாம் என்பதே அதன் கருத்து.

சட்டம் வந்தால் அதன் விளிம்பை அளந்து நிற்பவரும் வருவர் அன்றோ? ஹாட்ச்கிஸ் செய்த சுழல் பீரங்கிக்கும், அதன்பின் மாக்ஸிம் செய்த தானியங்கிப் பீரங்கிக்கும் வாய் 37 மில்லிமீட்டர். குண்டு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராமைச் சற்றே தாண்டியது. 400 கிராம் எல்லைக்கு மேலே நிற்கும் பொருட்டே அந்த அளவு அமைந்தது என்று ஆயுத வரலாறு எழுதுவோர் கூறுவர். தானியங்கிப் பீரங்கி என்னும் வகையின் முன்னோடி மாக்ஸிமின் அந்த ஆயுதமே. 1899இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் போரில், பிரிட்டனில் செய்து விற்ற அதே பீரங்கியைக் கொண்டு போயர்கள் பிரிட்டிஷாரைச் சுட்டபோது, அதன் ஓசையைக் கேட்டுப் 'பாம்-பாம்' என்று பெயரிட்டனர். பின்னர் விமானங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் 120 கிராம் எடையுள்ள 20 மில்லிமீட்டர் வெடிக்கும் குண்டுகள் கோடிக்கணக்கில் பொழிந்தன. விமானத்தை நோக்கியே சுடுகிறோம், மனிதனை நோக்கியன்று என்று சமாதானம் கூறப்பட்டது. 1868இன் எழுத்து ஏட்டில் நின்றது. நாம் முன்னே சொன்ன 390 கிராம் குண்டும் அவ்வெழுத்துப்படி பத்துக் கிராம் குறைவே! கொல்கத்தாவின் வடகோடியில், 1801இல் நிறுவப்பட்டு 1802 மார்ச் 18ஆம் நாள் வேலை தொடங்கிய காசிப்பூர்த் தொழிற்சாலையில், கடற்படைக் கப்பல்களுக்கான 30 மில்லிமீட்டர் தானியங்கிப் பீரங்கிகள் உருவாகின்றன. ஆகவே சிறுவன் விரும்பிய வெடிக்கும் குண்டுக்கும் இந்நகரோடு உறவு உண்டு. ஆனால் அந்த உறவு காசிப்பூர் வழியாக வருவது. டம்டம் வழியாக வருவதன்று.

இனி டம்டமுக்கு வருவோம். மேடு, பீரங்கி மேடை என்று பொருள்படும் 'டம்டமா' என்னும் சொல்லிலிருந்து அவ்வூர்ப் பெயர் வந்ததென்பர். 1783 முதல் 1853 வரை கம்பெனியாரின் வங்காளப் பீரங்கிப் படைக்கு அதுவே தலைமையிடம். பின்னர் அங்குச் சிறு ஆயுதங்களுக்கான தோட்டாக்கள் செய்யப்பட்டன. தோட்டாவுக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி இவ்வூரில் எழுந்து உலகை உலுக்கியது ஒரு முறையன்று, இரு முறை.

முதல் முறை 1857 ஜனவரியில். புதிய என்ஃபீல்டு ரைபிளைக் கையாளக் கற்பிக்கும் நிலையம் ஒன்று டம்டமில் இருந்தது. அங்கே தொழிற்சாலைக் கலாசி ஒருவன், பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய செம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். சாதியைக் காட்டி அவர் மறுக்கவே, பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாவை நீர் வாயால் கடிக்கும் நாளில் உமது சாதி எங்கே போகும் என்று அவன் கேட்டானாம். அச்சொல் சில நாட்களில் பாரக்பூருக்கு எட்டியது. அப்பால் நிகழ்ந்ததை நேயர்கள் அறிவர்: பிப்ரவரி 26இல் பெர்ஹாம்பூரில் 19ஆம் படையினர் தோட்டா வாங்க மறுத்தது, மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கியது, மே மாதத்தில் மீரட்.

கலாசி சொன்னது மெய்யா? கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் சிப்பாய்களுக்குப் பரவலாக இன்னும் வழங்கப்படவே இல்லை என்று சர்க்கார் கூறியது. அந்த அளவில் அது சரியே. ஆனால் வில்லியம் கோட்டையில் தோட்டாக்களுக்குத் தடவிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று வினவியபோது, உறுதியான விடை சொல்ல ஆளில்லை. கொழுப்பு ஒப்பந்தக்காரரிடம் வாங்கப்பட்டது. எதனுடைய கொழுப்பு என்று எவரும் கேட்டுக் குறித்து வைக்கவில்லை. பிறகு, கடைத்தெருவில் எண்ணெயும் மெழுகும் வாங்கித் தாமே தடவிக் கொள்ளலாம் என்றும், பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் விதிகளை மாற்றினர். அதற்குள் ஐயம் கொழுப்பை விட்டுத் தோட்டாவைச் சுற்றிய காகிதத்தின் மேல் தாவிவிட்டது. புரட்சிக்குக் காரணங்கள் பல. தோட்டா மட்டுமே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் 'இது பொய்' என்று சர்க்கார் சொல்ல வேண்டிய நேரத்தில், அதை நிறுவுவதற்கான கணக்குச் சர்க்காரின் கையில் இல்லை.

இரண்டாம் முறை நிகழ்ந்தது 1890களில். அதற்குமுன் பிரிட்டிஷ் படையிடம் இருந்தது மார்ட்டினி-ஹென்றி ரைபிள்; அதன் குண்டு 31 கிராம் எடையுள்ள பருத்த ஈயக் கட்டி. 1888இல் லீ-மெட்ஃபோர்டு வந்தது. அதன் குண்டு 7.7 மில்லிமீட்டர் தடிப்பு, 14 கிராம் எடை. ஈயத்தைச் செம்பும் நிக்கலும் கலந்த உறை முழுவதும் மூடியிருக்கும். 'முந்நூற்று மூன்று' என்று நம் நாட்டுப் போலீஸார் நெடுங்காலம் வழங்கியது இவ்வகைத் துப்பாக்கியையே. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் மருந்து செய்யத் தொடங்கியதும் இதன் பொருட்டே. குண்டு விநாடிக்கு 600 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து, உடலில் சிறு துளையிட்டு மறுபுறம் சென்றுவிடும். எலும்பையோ உயிர்நிலையையோ தொடாவிடில் பட்டவன் பிழைத்துக் கொள்வான்.

மருத்துவர்க்கு இது நற்செய்தி. எல்லைப்புறத்துத் தளபதிகளுக்கு இதுவே குறையாயிற்று. 1895இல் சித்ரால் படையெடுப்பில், குண்டு பட்ட மலைவாசிகள் விழாமல் மேலும் ஓடி வருகிறார்கள் என்று முறையிட்டனர். அதன்பேரில் டம்டம் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் காப்டன் பெர்ட்டி-க்ளே செய்த மாற்றம் மிகச் சிறிது. குண்டின் நுனியில் உலோக உறையைச் சற்றுக் குறைத்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஈயம் வெளியே தெரியுமாறு விட்டார். உடலில் பட்டதும் அம்மெல்லிய ஈயமுனை மழுங்கி, உறை பிளந்து, குண்டு காளானைப் போல விரியும், துளை குழியாகும். ஒரு மில்லிமீட்டர்! இரண்டாம் மார்க்கு விசேஷக் குண்டு என்பது அதன் அலுவலகப் பெயர். 1897-98இல் திராவில் அஃப்ரிதிகளின் மேல் அது பிரயோகிக்கப்பட்டது. தொழில் முறையில் அதற்கு ஒரு குறையும் இருந்தது. உறை முன்னும் பின்னும் திறந்திருந்தமையால், ஈயம் மட்டும் பறந்துபோய் உறை குழலிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு.

இங்கிலாந்தில் வுல்விச் தொழிற்சாலை வேறு வழியை நாடியது. உறையைக் குறைக்காமல், நுனியில் சிறு குழிவு வைத்த குண்டை அங்குச் செய்தனர். நான்காம் மார்க்கு என்பது அது. 1898 செப்டம்பர் 2ஆம் நாள், சூடானில் ஓம்துர்மான் போரில் பிரிட்டிஷ் படை சுட்டது அதனையே. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அத்பரா படையெடுப்பில், சாதாரணக் குண்டின் நுனியைச் சிப்பாய்களே அரத்தால் ராவிக்கொண்டனர். ஆக டம்டம் குண்டு ஒன்று, வுல்விச் குண்டு ஒன்று, ராவிய குண்டு ஒன்று. பத்திரிகைகள் மூன்றையும் டம்டம் என்றே எழுதின.

நான்காவது ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தது. டியூபிங்கன் நகரின் புகழ்பெற்ற ரண வைத்தியர் பேராசிரியர் பால் ஃபொன் ப்ரூன்ஸ், ஈயமுனைக் குண்டுகளின் விளைவைச் சோதித்து 1898இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். காயங்களின் கோரம் ஐரோப்பாவைத் திடுக்கிடச் செய்தது. டம்டம் என்றால் இதுதான் என்று எங்கும் பேச்சு. ஆனால் அவர் சுட்டது டம்டமில் செய்த குண்டே அன்று! மௌசர் வேட்டைத் துப்பாக்கிக்கான குண்டுகளையே அவர் பயன்படுத்தியிருந்தார். அவற்றில் ஈயம் பல மில்லிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டியிருந்தது, வேகமும் மிகுதி. அபர்டீனைச் சேர்ந்த ரண வைத்தியர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் 1899இல் இதைச் சுட்டிக் காட்டி எழுதினார். அதற்குள் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் மகாநாடு கூடும் நாள் நெருங்கிவிட்டது.

ஆக்ஸ்டனின் மறுப்பைப் படித்துவிட்டு, டம்டம் குண்டின் மேல் வீண்பழி சுமத்தப்பட்டது என்று முடிவு கட்டுவோரும் உண்டு. நம்மால் அவ்வளவு தூரம் செல்ல இயலாது. சோதனை தவறு, குண்டின் அளவு தவறு, பெயர் தவறு. ஆனால் குண்டு செய்யப்பட்ட நோக்கத்தை எவரும் திரித்துக் கூறவில்லை. அதைச் செய்தவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். பிரிட்டன் சார்பில் ஹேக் சென்ற மேஜர் ஜெனரல் ஸர் ஜான் ஆர்டா வாதித்ததன் சாரம் இது: நாகரிகப் படைவீரன் காயம் பட்டால் தான் காயமுற்றதை உணர்ந்து நின்றுவிடுவான், காட்டுமிராண்டியோ உடலில் எத்தனை துளை விழுந்தாலும் ஈட்டியோடு பாய்ந்து வருவான், ஆகவே அவனுக்குப் பெரிய துளை வேண்டும். அவர் காட்டுமிராண்டி என்றது யாரை? நம் எல்லைப்புறத்துப் பட்டாணியரை, சூடான் நாட்டவரை. வங்காளத்துத் தொழிலாளர் கையால், இந்திய மக்களின் வரிப்பணத்தில் செய்யப்பட்ட குண்டு அது.

1899 ஜூலை 29ஆம் நாள் ஹேக் பிரகடனம் கையெழுத்தாயிற்று. உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை, உள்ளீட்டை முழுதும் மூடாத உறையோ கீறல்களோ உடையவற்றைப் போன்றவற்றை, அது விலக்கிற்று. டம்டம் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. பிரிட்டன் பின்னர் 1907இல் ஏற்றுக்கொண்டது. இங்கே பலரும் கவனியாது விடும் வாசகம் ஒன்றுண்டு. உடன்படிக்கை செய்த நாடுகளுக்குள் நிகழும் போருக்கே அப்பிரகடனம் கட்டுப்படுத்தும். அஃப்ரிதிகள் எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள்? எவர் உடலைத் துளைப்பதற்காக அக்குண்டு பிறந்ததோ, அவர்களுக்கு அச்சட்டத்தின் காவல் இல்லை. ஜெர்மானியன் பிரெஞ்சுக்காரனைச் சுட்டால் குற்றம். திராவில் சுட்டால் சட்டம் வாய் திறக்காது.

பெயர் மட்டும் எங்கும் பரவிற்று. 1914 செப்டம்பரில் ஜெர்மானியச் சக்கரவர்த்தி, தம் எதிரிகள் டம்டம் குண்டு சுடுவதாக அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்குத் தந்தி அடித்தார். எதிர்த்தரப்பும் அதே பழியைத் திருப்பிச் சுமத்தியது. பிரிட்டிஷார் 1910இல் மேற்கொண்ட ஏழாம் மார்க்குக் குண்டோ முழு உறை உடையது. சட்டத்தின் எழுத்துக்கு ஒரு குறையும் வைக்காதது. ஆனால் கூரிய நுனியின் உள்ளே ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ மரக்கூழோ வைத்திருந்தமையால், அது உடலுள் புகுந்ததும் தலைகீழாகப் புரண்டு பெருங்காயம் விளைக்கும்.  1998இல் ரோம் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் வகுத்தபோதும், 1899இன் உறையும் கீறலும் அப்படியே எழுதப்பட்டன. 2010இல்தான் ஒரே நாட்டுக்குள் நிகழும் போர்களுக்கும் அவ்விதி நீட்டப்பட்டது. அந்த நீட்டிப்பும் அதை ஏற்கும் நாடுகள் அளவிலேயே.

விளையாட்டைச் செய்பவர் எடை, வேகம், துளைப்பு ஆகியவற்றைச் சரியாகவே வைக்கலாம். எடுத்துக்காட்டாக, 30 மில்லிமீட்டர் குண்டு 390 கிராம் என்பதை ஒரு கிராமும் பிசகாமல் எழுதலாம். 400 என்ற எண் ஏன் ஒரு காலத்தில் எல்லைக்கல்லாக நின்றது என்பதற்கு அப்பட்டியலில் கட்டம் கிடையாது. குண்டு எவரை நோக்கிச் செய்யப்பட்டது என்பதற்கும் கட்டம் இல்லை. திரையில் கவச வண்டியைச் சுடுவது கவச வண்டியே. திராவின் மலைச்சரிவில் அவ்வாறு சமமானவர் எதிரெதிர் நிற்கவில்லை.

காபி ஆறுவதற்குள் இவ்வளவையும் அப்பிள்ளைகளிடம் சொல்ல இயலவில்லை, பாதியே சொன்னோம். மூத்தவன் ஒரு தாளை எடுத்து, டம்டம், வுல்விச், ராவியது என்று மூன்று குண்டுகளை வரைந்து காட்டச் சொன்னான், வரைந்தோம். நான்காவதாக டியூபிங்கனில் சுட்டதையும், நீண்ட ஈயமுனையோடு, பக்கத்தில் வரைந்தோம். இளையவன் நெடுநேரம் அதையே உற்று நோக்கியிருந்தான். "மாமா, இதுக்கு எந்த ஊர்ப் பேரு?" என்றான். அதற்கு ஊர்ப் பெயர் ஏதும் வழங்கவில்லை என்றோம். அவன் பென்சிலை வாங்கி, அப்படத்தின் கீழே 'டியூபிங்கன்' என்று எழுதினான்.